பூச்சாடிக்குள் முட்டை வைத்தது யார்?

கிள்ளானிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதத்தை அப்படியே சுருக்கித் தருகிறேன்.

“எங்கள் வீட்டு ஹாலில், கண்ணாடிக் கதவு ஓரமாக ஒரு மணி பிளான்ட் இருக்கிறது. மண் இறுகிவிட்டதே என்று சாடியை மாற்றப் போனேன். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் சாடிக்கும் வெளியே இருக்கும் பீங்கான் சாடிக்கும் நடுவில் வெள்ளையாக இரண்டு முட்டைகள். உருண்டையாக, சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். மாமியார் பார்த்துவிட்டு, ‘பாம்பு முட்டை, செடியோடு தூக்கிப் போடு’ என்கிறார். எதிர்வீட்டு அக்கா, ‘இது தானாக வந்தது இல்லை, யாரோ வைத்திருக்கிறார்கள்’ என்கிறார். இரண்டு வயதுக் குழந்தை விளையாடுகிற இடம். இரவில் தூக்கம் வரவில்லை. கொதிநீர் ஊற்றிவிடலாமா?”

ஊற்ற வேண்டாம் அம்மா. அது பல்லி முட்டை. முதலில் அதைச் சொல்லிவிட்டால் இன்றிரவாவது நீங்கள் தூங்கலாம்.

ஆனால் இந்தக் கேள்வி உங்கள் ஒருவர் வீட்டுக் கேள்வி அல்ல. தாமான் வீடுகளிலும் அடுக்குமாடி வரந்தாக்களிலும் இடம் இருக்கிறதோ இல்லையோ, பத்துப் பூச்சாடி இருக்கிறது. துளசி, கறிவேப்பிலை, வெற்றிலை, மல்லிகை, பண்டான், ஆர்க்கிட் என்று நாம் நீரூற்றி நிழல் கொடுத்து வளர்க்கும் இடம், முட்டையிட இடம் தேடும் உயிர்களுக்கும் வசதியான இடம்தான். ஈரமான, இளகிய மண். வெயில் நேரடியாகப் படாத மூலை. பூனையும் காகமும் எளிதில் எட்டாத உயரம். நமக்காக நாம் செய்து வைத்ததை அவையும் பயன்படுத்திக் கொள்கின்றன. ஆகவே பூச்சாடியில் முட்டை கிடப்பது அதிசயம் இல்லை. அது எதன் முட்டை என்று அடையாளம் காணத் தெரிந்தால் போதும்.

பல்லி என்று எப்படித் தெரியும்?

மூன்று அடையாளங்கள். எண்ணிக்கை இரண்டு. வடிவம் ஏறக்குறைய உருண்டை. ஓடு கெட்டி.

நம் வீட்டுச் சுவரில் ஓடும் சாதாரணப் பல்லி, ஒரு தடவைக்கு இரண்டு முட்டைதான் இடும். இரவில் விளக்கடியில், கண்ணாடி சன்னலுக்கு வெளிப்புறம் ஒட்டிக்கொண்டு நிற்கும் பெண் பல்லியின் வயிற்றைப் பார்த்திருக்கிறீர்களா? தோல் அவ்வளவு மெல்லியது. உள்ளே இரண்டு வெள்ளை உருண்டைகள் பக்கத்துக்கு ஒன்றாகத் தெரியும். அவைதான் உங்கள் சாடிக்குள் வந்திருக்கின்றன. இடும்போது ஓடு மெத்தென்று இருக்கும். காற்றுப் பட்டதும் இறுகிவிடும். அளவு ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கும். ஐந்து சென் நாணயத்தின் பக்கத்தில் வைத்தால் அதன் குறுக்களவில் பாதிதான் வரும்.

கடிகாரத்தின் பின்பக்கம், சாமிப் படத்தின் பின்பக்கம், அலமாரி இடுக்கு, இப்படிக் குறுகலான இருட்டு இடம் எல்லாம் பல்லிக்குப் பிடிக்கும். இரண்டு சாடிகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி அதற்குக் கட்டிக்கொடுத்த அறை மாதிரி. ஒரே இடத்துக்கு வேறு பல்லிகளும் வந்து இடுவதுண்டு என்பதால் சில சமயம் நான்கு, ஆறு என்றும் இருக்கும். ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் குஞ்சு வெளியே வரும். வந்த பிறகும் காலி ஓடு உடையாமல் அங்கேயே கிடக்கும். ஆகவே கையில் எடுத்தால் காற்றுப் போல இலேசாக இருந்து, ஒரு பக்கம் ஓட்டை தெரிந்தால், அது எப்போதோ பொரித்துப் போன முட்டை.

என்ன செய்வது? ஒன்றும் செய்யாவிட்டாலும் பரவாயில்லை. பல்லி கடிக்காது, விஷம் இல்லை, வீட்டுப் பூச்சியைத் தின்கிறது. குழந்தை வாயில் போட்டுவிடும் என்ற கவலை நியாயமானது. அப்படியென்றால் ஒரு கரண்டியால் மெதுவாக எடுத்து, வெளியே நிழலில் ஒரு சாடி இடுக்கில் வைத்துவிடுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பல்லியின் எச்சத்தில் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். முட்டையைவிட அந்த எச்சத்தைத் துடைப்பதுதான் முக்கியம்.

பார்க்க வேண்டியவை ஐந்து

இனி மற்ற வாசகர்களுக்கு. உங்கள் சாடியில் முட்டை தென்பட்டால் உடனே தூக்கி எறியாமல் இந்த ஐந்தையும் பாருங்கள்: எங்கே கிடக்கிறது, எத்தனை, எவ்வளவு பெரிது, ஓடு கெட்டியா தோல் போலவா, என்ன நிறம். பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துக் கைப்பேசியில் படம் எடுத்துக் கொள்ளுங்கள். நாணயம் இல்லாத படத்தில் பட்டாணியும் கோழி முட்டையும் ஒரே அளவாகத் தெரியும்.

இன்னொன்று. பறவை தன் முட்டையை அடிக்கடி புரட்டிக் கொடுக்கும். ஓணான், பாம்பு முட்டைகள் அப்படி அல்ல. உள்ளே கரு ஓட்டின் ஒரு பக்கமாக ஒட்டி வளர்வதால், புரட்டினால் செத்துவிடலாம். இடம் மாற்ற வேண்டியிருந்தால், மேல்பக்கம் எதுவோ அதில் பென்சிலால் சிறு புள்ளி வைத்து, அதே வாக்கில் எடுத்து அதே வாக்கில் வையுங்கள்.

மண்ணுக்குள் ஒரு பிடி முட்டை

சாடி மண்ணைக் கிளறும்போது, விரல் ஆழத்தில் பத்துப் பதினைந்து முட்டைகள், வெள்ளையாக, மொச்சைக்கொட்டை போல நீளவாக்கில், தொட்டால் மெத்தென்று இருந்தால் அது பெரும்பாலும் ஓணான். மலாயில் சும்பா-சும்பா என்பார்களே, வேலியில் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கும், நிறம் மாறும், அதுதான். பெண் ஓணான் இளகிய மண்ணில் குழி பறித்து முட்டையிட்டு, மண்ணை மூடி, மூக்கால் தட்டிச் சமன் செய்துவிட்டுப் போய்விடும். மறுநாள் பார்த்தால் யாரோ கையால் அமுக்கிவிட்டது போல இருக்கும். ‘யாரோ வந்து புதைத்திருக்கிறார்கள்’ என்ற பேச்சுக்கு இதுவும் ஒரு காரணமாகிவிடுகிறது. ஆறேழு வாரத்தில் குஞ்சுகள் மண்ணைத் தள்ளிக்கொண்டு வரும். மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சுவதால் முட்டை நாளுக்கு நாள் பெருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பச்சை நிறத்தில், வால் நீளமாக மரத்தில் வாழும் நம் நாட்டுப் பச்சை ஓணானும் மண்ணில்தான் முட்டையிடும். அதன் முட்டைகள் எண்ணிக்கையில் குறைவு. நூல் சுற்றும் கதிர் போல இரண்டு முனையும் கூராக இருக்கும். நகரத்தில் அரிதாகி வரும் உயிர். உங்கள் சாடியைத் தேடி வந்திருந்தால் அந்தச் சாடியை இரண்டு மாதம் விட்டுக்கொடுங்கள்.

அரணையைப் பற்றியும் பலருக்குச் சந்தேகம். சாடிகளுக்கு அடியில் பளபளவென்று ஓடும் பெரிய பழுப்பு அரணை நம் ஊரில் சாதாரணம். ஆனால் அந்த அரணை முட்டையே இடுவதில்லை. குட்டி போடும் இனம் அது. ஆகவே, ‘அரணை இங்கேதான் சுற்றுகிறது, முட்டை அதனுடையதுதான்’ என்று யாராவது சொன்னால் அது இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். அரணை கடித்தால் மரணம் என்ற பழைய பேச்சும் உண்மை இல்லை; அதற்கு விஷமே கிடையாது.

பாம்பு முட்டையாக இருந்தால்?

இந்தப் பயத்தை வெறும் பயம் என்று தள்ளிவிட முடியாது. கிள்ளான் பள்ளத்தாக்கில் மலைப்பாம்பும் நாகமும் லோங்காங் வழியாக வீடுகளுக்கு வருவது நடக்கிற காரியம்தான். ஆனால் அவை பூச்சாடியில் முட்டையிடுமா என்று பார்க்க வேண்டும்.

மலைப்பாம்பு இடாது. அதன் முட்டை கோழி முட்டையைவிடப் பெரிது. இருபது, முப்பது என்று குவியலாக இடும். தாய்ப்பாம்பு அதைச் சுற்றிச் சுருண்டு படுத்து அடைகாக்கும். அத்தனைக்கும் இடம் தரும் சாடி உங்கள் வீட்டில் இருக்காது. நாகத்தின் முட்டையும் கோழி முட்டை நீளத்தை நெருங்கும். அது தேடுவது குப்பைக் குவியல், கட்டைக் குவியல், மண் வளை. தோட்டத்து மூலையில் வெட்டிப்போட்ட கிளைகளும் உடைந்த ஓடுகளும் மாதக்கணக்கில் கிடந்தால் அங்கேதான் கவனம் வேண்டும்.

பல்லியைத் தேடி வீட்டுக்குள் வரும் சிறிய ஓநாய்ப் பாம்பு போன்றவை பெரிய சாடியின் அடியில் முட்டையிட வாய்ப்பு உண்டு. பாம்பு முட்டைக்குப் பொதுவான அடையாளம்: நீளவாக்கு, வெள்ளை, கெட்டி ஓடு இல்லை, தோல் போல அமுங்கும், பல சமயம் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக இருக்கும். முட்டையைப் பார்த்து விஷப்பாம்பா இல்லையா என்று வீட்டில் இருந்தபடி சொல்ல முடியாது. நாகக்குஞ்சுக்குப் பொரித்த நாளிலேயே விஷம் உண்டு. ஆகவே இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் நீளமான, தோல் போன்ற முட்டைகள் கொத்தாக இருந்தால் கை வைக்காதீர்கள். குழந்தைகளையும் நாய் பூனைகளையும் விலக்கிவிட்டு, 999 எண்ணில் அழைத்துத் தீயணைப்பு மீட்புத் துறையிடம் சொல்லுங்கள். பொதுத் தற்காப்புப் படையினரும் இந்த வேலைக்கு வருவார்கள். கொதிநீர், மண்ணெண்ணெய் எல்லாம் உங்கள் செடியைத்தான் முதலில் கொல்லும். வீட்டைச் சுற்றிக் கந்தகத்தூள் போடுவது நம்மவர்களிடம் வழக்கம்; அது பாம்பை விரட்டும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. குப்பையை அகற்றுவதும், எலியைக் குறைப்பதும், லோங்காங் ஓட்டைக்கு வலை அடிப்பதும்தான் வேலை செய்யும்.

பூச்சாடிக்கென்றே பெயர்போன பாம்பு ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்குப் பெயரே ‘பூச்சாடிப் பாம்பு’. தமிழில் புழுப்பாம்பு, செவிப்பாம்பு. மலாயில் உலார் பூத்தா. பதினைந்து சென்டிமீட்டர் நீளம், நூடுல்ஸ் கனம், கருத்த மினுமினுப்பு. மண்புழு என்றே பலரும் நினைப்பார்கள். மண்புழுவுக்கு உடம்பில் வளையம் வளையமாகத் தெரியும், இதற்குத் தெரியாது. பளபளவென்று கண்ணாடிபோல் இருக்கும். கண் இருக்கும் இடத்தில் இரண்டு கரும்புள்ளி. எறும்பு, கறையான் ஆகியவற்றின் முட்டையையும் புழுவையும் தின்று வாழ்கிறது. மனிதரைக் கடிக்கவும் தெரியாது. காதுக்குள் நுழையும் என்ற பேச்சும் பெயரோடு ஒட்டிக்கொண்ட கதைதான்.

ஆந்திரக் கடற்கரையின் விசாகப்பட்டினத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் இருந்த மருத்துவர் பாட்ரிக் ரஸ்ஸல், 1796இல் வெளிவந்த இந்தியப் பாம்புகள் பற்றிய தம் நூலில் இதைப் படத்தோடு குறித்தார். 1803இல் பிரெஞ்சு அறிஞர் டோடன் அறிவியல் பெயர் வைத்தார். அப்போது யாருக்கும் தெரியாத ஒரு சங்கதி பின்னால் தெரிந்தது. இந்த இனத்தில் ஆண் கிடையாது. எல்லாமே பெண். துணை இல்லாமலே முட்டையிடும். பிறக்கும் குஞ்சு எல்லாம் தாயின் நகல். ஆகவே ஒரு சாடி மண்ணுக்குள் ஒரே ஒரு பாம்பு போனால் போதும், அங்கே ஒரு குடும்பம் தொடங்கிவிடும். அப்படித்தான் செடியோடும் மண்ணோடும் கப்பலேறி, அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களுக்கும் போய்விட்டது. நம் முன்னோரைப் போலவே கடல் கடந்து குடியேறிய உயிர் என்று வேண்டுமானால் சொல்லலாம். அதன் முட்டை அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிதாக, நீளமாக, ஒருசில மட்டும் இருக்கும். பார்த்தால் மண்ணை மூடிவிடுங்கள், அவ்வளவுதான்.

நத்தை முட்டைக்குக் கையுறை

சாடி மண்ணில் வெளிர் மஞ்சளாக, மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, நூறு இருநூறு உருண்டைகள் குவிந்திருந்தால் அது ஆப்பிரிக்க நத்தை. மலாயில் சிப்புட் பாபி என்பது இதுதான். இதற்கும் ஒரு குடியேற்ற வரலாறு உண்டு. 1847இல் பென்சன் என்ற ஆங்கிலேயர் மொரீசியசிலிருந்து கொண்டுவந்து கல்கத்தாவில் விட்டார். 1900 வாக்கில் இலங்கைக்குப் போனது. பிறகு மலாயாவுக்கும் வந்து சேர்ந்தது. இன்று மழை பெய்த மறுநாள் எந்தத் தாமானிலும் காணலாம்.

இந்த முட்டையை விட்டுவைக்க வேண்டாம். பொரித்தால் உங்கள் கீரை, கன்று எதுவும் மிஞ்சாது. அதைவிட முக்கியம், இந்த நத்தை எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் இளம் பருவத்தைத் தன் உடலில் சுமக்கிறது. நத்தையோ அதன் துணுக்கோ பட்ட கீரையைச் சரியாகக் கழுவாமல் பச்சையாகத் தின்றால் அந்தப் புழு மனிதரின் மூளை உறையில் அழற்சி உண்டாக்கக்கூடும். எனவே கையுறை போட்டு முட்டைகளை அள்ளி, நசுக்கி, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். குழந்தைகள் நத்தையைக் கையில் எடுத்து விளையாட விடாதீர்கள். சாடியில் வளர்த்த புதினாவும் கொத்தமல்லியும் நம் வீட்டுதானே என்று அலசாமல் போடுவது கூடாது.

தாமரைத் தொட்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்த்திருப்பார்கள். தண்ணீருக்கு மேலே தண்டிலும் தொட்டிச் சுவரிலும் இளஞ்சிவப்பாக, கொத்துக் கொத்தாகச் சிறு உருண்டைகள். அது தென்னமெரிக்காவிலிருந்து வந்த தங்க நத்தை, சிப்புட் கொண்டாங் எமாஸ். மலேசியாவில் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது நமக்குப் பக்கத்தில்தான்: 1991இல், புச்சோங்கில். பிறகு நெல் வயல்களுக்குப் பரவிப் பெரிய தொல்லையாகிவிட்டது. அந்தச் சிவப்பு எச்சரிக்கை நிறம். முட்டைக்குள் நரம்பைத் தாக்கும் நச்சுப்பொருள் உண்டு. வெறுங்கையால் தொடாமல், ஒரு குச்சியால் சுரண்டித் தண்ணீருக்குள் தள்ளிவிடுங்கள். தண்ணீருக்கு வெளியே இருந்தால்தான் அது பொரிக்கும், மூழ்கினால் கெட்டுவிடும்.

தொங்கும் சாடியில் கூடு

தொங்கவிட்ட பெரணிச் சாடியில், வேரும் நாரும் பின்னிய கிண்ணம் போன்ற கூட்டில், வெளிர் ரோஜா நிறத்தில் செம்பழுப்புப் புள்ளி தெளித்த இரண்டு மூன்று முட்டைகள் இருந்தால், விடிகாலையில் உங்களை எழுப்பும் மெர்பா குருவி. நாலு குச்சியை ஏனோதானோ என்று போட்ட கூட்டில் இரண்டு சுத்த வெள்ளை முட்டை என்றால் புறா இனம், மெர்போக் அல்லது தெக்குக்கூர். இவை பொரிக்க இரண்டு வாரம், குஞ்சு பறக்க ஏறக்குறைய இன்னும் இரண்டு வாரம். ஒரு மாதம் பொறுத்தால் போதும். செடிக்குத் தண்ணீரை ஓரமாக, தாய் இல்லாத நேரத்தில், கொஞ்சமாக ஊற்றுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது சரியல்ல. பறவை மணம் பார்த்துக் குஞ்சை ஒதுக்குவதில்லை. ஆனால் அடிக்கடி போய் எட்டிப் பார்த்தால் தொந்தரவு தாங்காமல் கூட்டைக் கைவிடலாம். 2010ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பல பறவைகளும் அவற்றின் கூடும் முட்டையும் பாதுகாக்கப்பட்டவை என்பதையும் நினைவில் வையுங்கள்.

முட்டையே இல்லாத முட்டை

கடையில் வாங்கிவந்த செடியில் மஞ்சள் உருண்டைகள் மண்மேல் சிதறிக் கிடக்கும். நத்தை முட்டை என்று பதறுபவர்கள் நிறைய. நசுக்கிப் பாருங்கள். உள்ளே கரையும் உப்பு போல இருந்தால் அது மெதுவாகக் கரையும் உரம். உறிஞ்ச வேண்டியதைச் செடி உறிஞ்சிவிட்ட பிறகு வெறும் கூடு மட்டும் நீர் நிறைந்து நிற்கும். அப்போது அச்சு அசல் முட்டைதான்.

மரத்தூளும் இலைமக்கும் போட்ட சாடியில் கோழி முட்டை போல மெத்தென்று ஒன்று முளைத்து, அடியில் வேர் போல வெள்ளை நூல் தொங்கினால் அது காளானின் மொட்டு. இரண்டொரு நாளில் கிழித்துக்கொண்டு காளான் எழும்பும். நாற்றத்தில் ஈ மொய்க்கும். தின்ன முயல வேண்டாம். செடிக்குக் கெடுதல் இல்லை.

‘யாரோ வைத்தார்கள்’

இதைப் பேசாமல் விட்டால் கடிதத்துக்குப் பதில் முழுமையாகாது. நம் சமூகத்தில் முட்டைக்கும் செய்வினைக்கும் முடிச்சுப் போடும் பழக்கம் உண்டு. நம்பிக்கை அவரவர் விருப்பம். அதில் நான் தலையிடவில்லை. ஆனால் யார் வைத்தது என்ற கேள்விக்கு முன்னால் எது வைத்தது என்ற கேள்வி வர வேண்டும். நகம் அளவு முட்டையைப் பல்லியிடமிருந்து வாங்கிவந்து, பூட்டிய வீட்டுக்குள் நுழைந்து, சாடி இடுக்கில் வைக்கும் பகையாளி யார் இருக்கிறார்கள்? கோழி முட்டையே முழுதாகப் புதைந்திருந்தாலும்கூட, அது உரம் என்று கேள்விப்பட்டு வீட்டிலேயே யாரோ புதைத்ததா என்று முதலில் விசாரியுங்கள். செடிக்கு முட்டை புதைப்பது இப்போது பலரும் செய்கிற வேலை.

இந்தச் சந்தேகத்துக்கு விலை அதிகம். பல்லி முட்டை இரண்டு மாதத்தில் பொரித்துப் போய்விடும். ‘இவர்தான் வைத்திருப்பார்’ என்று ஒரு பெயரை வாய்விட்டுச் சொல்லிவிட்டால், அந்தப் பெயருக்குரியவரோடு பிறகு எத்தனை வருடம் ஒரே வரிசை வீட்டில் முகம் பார்க்காமல் இருப்பது? ஒரு சாம்பார் கிண்ணம் போய்வரும் வீடுகளுக்கு நடுவில் அப்படி ஒரு சுவர் எழும்ப வேண்டாம்.

பயப்பட வேண்டிய முட்டை

கடைசியாக, அதே பூச்சாடியில் நாம் பார்க்காத முட்டை ஒன்று இருக்கிறது. சாடிக்கு அடியில் வைக்கும் தட்டைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் நின்ற கோட்டுக்குச் சற்று மேலே, ஓரத்தில், கரிப்பொடி தூவியது போலக் கருப்புப் புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அது ஏடிஸ் கொசுவின் முட்டை. ஒரு கொசு ஒரு தடவைக்கு நூறு முட்டை வரை இடும்.

பாம்பு முட்டை என்று நினைத்துத் தூக்கமிழக்கும் நாம் இதன் மேல் தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறோம். டிங்கிக் காய்ச்சல் எண்ணிக்கையில் ஆண்டுக்கு ஆண்டு முன்னால் நிற்பது சிலாங்கூர்தான். தட்டுத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. இந்த முட்டை காய்ந்த தட்டிலும் பல மாதம் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். பொரித்து, புழுவாகி, பறக்கும் கொசுவாக ஏழெட்டு நாள் போதும். அதனால்தான் வாரம் ஒரு தடவை என்று சுகாதார அதிகாரிகள் சொல்கிறார்கள். தண்ணீரைக் கொட்டுங்கள்; தட்டின் ஓரத்தைப் பழைய பிரஷால் அழுத்தித் தேயுங்கள்; வெயிலில் கவிழ்த்து வையுங்கள். தட்டே வேண்டாம் என்றால் இன்னும் நல்லது. பணச்செடி, மூங்கில் என்று தண்ணீரிலேயே வளரும் செடிகளுக்கும் இதே கணக்கு. தண்ணீரை மாற்றும்போது சாடியின் உட்பக்கத்தையும் வேரையும் அலசுங்கள். நகர்த்த முடியாத தொட்டியில் அபேட் மருந்து போடலாம். வீட்டில் ஏடிஸ் புழு கண்டால், 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் 500 ரிங்கிட் வரை அபராதம் எழுதும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. அபராதம் போனால் போகிறது. காய்ச்சலில் குழந்தை படுத்தால் அதை எதைக் கொண்டு ஈடுகட்டுவது?

கிள்ளானுக்கு இந்தப் பாடம் புதிது அல்ல. 1901இல் மாவட்ட மருத்துவராக இங்கே வந்த மால்கம் வாட்சன், ஊரில் மலேரியா ஆட்களை வாரிக்கொண்டு போவதைப் பார்த்தார். அதே ஆண்டு திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம், இன்றைய கிள்ளான் துறைமுகம், காய்ச்சலால் மூடப்பட்டுவிடுமோ என்ற நிலை. கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்டு ராஸ் இந்தியாவில் கண்டுபிடித்து அப்போது நான்கு ஆண்டுதான் ஆகியிருந்தது. வாட்சன் அதை நம்பினார். சதுப்பை வெட்டி, வாய்க்கால் எடுத்து, கொசு முட்டையிடும் தண்ணீரை வடித்தார். காய்ச்சல் இறங்கியது. நோயைப் பரப்பும் உயிர் எது, அது எங்கே முட்டையிடுகிறது என்று சரியாக அடையாளம் கண்டதால் இந்த ஊர் பிழைத்தது. அன்று சதுப்பில் செய்ததை இன்று நாம் ஒரு தட்டில் செய்தால் போதும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு வீட்டிலுள்ள சாடிகளை ஒரு சுற்றுப் பாருங்கள். தட்டுகளை எண்ணுங்கள், தேயுங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொள்ளுங்கள், நாணயம் வைத்துப் படமெடுக்க அவர்களுக்குத்தான் ஆசை அதிகம். அடையாளம் தெரியாத முட்டை எதுவும் கிடைத்தால், மேலே சொன்ன ஐந்தையும் குறித்துப் படத்தோடு இந்தப் பகுதிக்கு அனுப்புங்கள். சேர்ந்து பார்ப்போம்.